சென்ட்ரல் நிலையமும் லவ்டேலில் கட்டிய கைகளும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். உதகையில் நின்றுகொண்டு சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடியும் வேளையில் சென்ட்ரலில் இறங்கியவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அந்த நிலையத்துக்கு இன்றைய முகத்தைத் தந்த கட்டிடக் கலைஞர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் அதற்கு முன்பே நம் மலையில் கட்டியவர் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்நிலையம் போதாமல் போனதால், 1873-இல் பார்க் டவுனில் இரண்டாவது நிலையம் எழுந்தது, அதுவே சென்ட்ரல். அதே ஆண்டில் இருப்புப்பாதை மேட்டுப்பாளையத்தை எட்டியது என்றாலும், அது குன்னூருக்கு ஏற 1899 வரையிலும், உதகைக்கு வர 1908 வரையிலும் நம் முன்னோர் காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்ட்ரலை முதலில் வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹார்டிங். நான்கு நடைமேடைகளுடன் அமைந்த அந்தக் கட்டிடத்தை ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் பின்னர் மாற்றியமைத்தார். அந்த வேலை 1900-இல் நிறைவு பெற்றது. நடுவில் நிற்கும் மணிக்கூண்டும், கோபுரங்களின் மீது திருவாங்கூர்ப் பாணியில் கவிழ்ந்திருக்கும் கூரைமுடிகளும் அவர் சேர்த்தவை. நான்கு முகக் கடிகாரத்தோடும் கொடிமரத்தோடும் 136 அடி உயர்ந்து, கால் மணிக்கு ஒருமுறை ஒலிக்கும் அந்தக் கூண்டு இல்லையென்றால், சென்ட்ரல் நீண்டு கிடக்கும் ஒரு செந்நிறக் கட்டிடமாக மட்டுமே தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. ஹார்டிங்கின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை; ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது அந்தக் கூண்டைத்தான்.

இந்த சிஷோம்தான் நம் நீலகிரி நூலகத்தையும் லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளிக் கட்டிடத்தையும் வடிவமைத்தவர். இரண்டையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நூலகத்தில் கூர்முனை வளைவுகளுக்குப் பேர்போன ஐரோப்பிய கோதிக் பாணியில் சாளரம். லவ்டேலில் இத்தாலிய கோதிக் பாணி. மண்ணின் கட்டிடக் கலை அவற்றில் ஏறக்குறைய இல்லை. குளிருக்கும் மூடுபனிக்கும் நடுவே, இங்கிலாந்தின் நினைவில் வாழ்ந்தவர்களுக்காகக் கட்டியபோது அதற்கான தேவையும் அவருக்குத் தோன்றியிருக்காது. பிறகு அவர் சமவெளிக்கு இறங்கி, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகளைக் கலக்கும் இந்தோ-சாரசனிக் பாணியில் எழுப்பினார். திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குக் கேரளத் தச்சர்களின் சரிந்த கூரைகளையே அடிப்படையாகக் கொண்டார். அங்கே கைவந்த கூரைதான், அளவில் சுருங்கி, சென்ட்ரல் கோபுரங்களின் தலையில் வந்து அமர்ந்தது. ஆகவே சிஷோமின் கை எப்படி மாறியது என்று அறிய விரும்புபவர் லவ்டேலில் தொடங்கி, திருவனந்தபுரம் வழியாக, சென்ட்ரலுக்கு வர வேண்டும்.

சென்ட்ரலில் இந்தக் கலவை அடக்கமாகவே இருக்கிறது. ஹார்டிங் விட்டுச்சென்ற உடலுக்கு மேல் தலையை மட்டுமே சிஷோமால் மாற்ற முடிந்தது. முழுக் கட்டிடத்தையும் தொடக்கத்திலிருந்தே இந்தோ-சாரசனிக் முறையில் எழுப்பும் வாய்ப்பு ஹென்றி இர்வின் என்ற கட்டிடக் கலைஞருக்குக் கிடைத்தது. 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தின் குவிமாடங்களில் அந்த வேறுபாட்டைக் காணலாம்.