நாம் என்பதும் நாங்கள் என்பதும்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் திருச்சபைப் பாடசாலையொன்றில் சமயம், அறவியல், மெய்யியல் ஆகிய மூன்றையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில், மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையொன்றில் படித்தவள். சமய பாடவேளைக்கான மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் சைவநெறிப் புத்தகத்தோடு ஓர் அறைக்கும், நாங்கள் விவிலியத்தோடு இன்னோர் அறைக்கும் போவோம். நாற்பது நிமிடத்தின் பின் மறுபடியும் ஒரே வாங்கில் வந்து அமர்வோம். பக்கத்து அறையில் என்ன படித்தார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இங்கே அந்தப் பிரிவினை கிடையாது. கிறிஸ்தவர், முஸ்லிம், சைவர், எச்சமயமும் இல்லாதவர் என முப்பது பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையைச் சமய பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்ற உரிமையை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே உறுதி செய்தது. ஆயினும் என் வகுப்பில் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்னும் திரித்துவக் கோட்பாட்டை விளக்கத் தொடங்கி, கரும்பலகையில் 'வீ பிலீவ்', அதாவது 'நம்புகிறோம்', என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பாடம் முடிந்து எல்லோரும் போனபின், தமிழ்ப் பிள்ளையொருத்தி தன் பையை மாட்டிக்கொண்டே என் மேசையருகே வந்து, "மிஸ், அந்த 'வீ'க்குள்ள நானும் இருக்கிறேனா?" என்று கேட்டாள். அவள் குரலில் குறையோ கோபமோ இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கேட்பவரையும் உளப்படுத்தினால் 'நாம்', அவரைத் தவிர்த்தால் 'நாங்கள்' என்று தமிழ் இலக்கணம் பிரித்துக் காட்டும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. (யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டுக்கும் 'நாங்கள்' என்றே சொல்லிப் பழகியவள் நான் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) திருச்சபையைச் சேர்ந்தவள் என்பதால் வகுப்பறையில் 'நாங்கள் நம்புகிறோம்' என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, 'நாம் நம்புகிறோம்' என்று சொல்லும் உரிமையைத்தான் அந்தப் பிள்ளை கேள்விக்குள்ளாக்கினாள். அன்றுமுதல் 'கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்' என்றே எழுதுகிறேன்.

அவ்வாறு எழுதினால் பாடசாலையின் கிறிஸ்தவத் தன்மை நீர்த்துப்போகாதா என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. பரீட்சையே அதற்கு ஒரு பதிலைச் சொல்கிறது. பிள்ளைகள் பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பொதுப் பரீட்சைக்கென 2016இல் நடைமுறைக்கு வந்த சமய பாடத்திட்டத்தின்படி எந்தப் பாடசாலையானாலும் இரண்டு சமயங்களைக் கற்பிக்க வேண்டும். பரீட்சை நடத்தும் சபைகளில் ஒன்றான ஏ.க்யூ.ஏ.வின் வினாத்தாளில் 12 புள்ளிகளுக்குரிய வினா ஒரு கூற்றைத் தந்து அதை மதிப்பிடச் சொல்லும். 'கருணைக்கொலை ஒருபோதும் சரியாகாது' என்பது போன்ற கூற்றுக்குத் திருச்சபையின் நிலைப்பாட்டை மாத்திரம் எழுதும் பிள்ளை, எவ்வளவு பக்தியோடு எழுதினாலும், பாதிப் புள்ளிகளைத் தாண்டுவது கடினம்.

ஆனால் புள்ளிக்கணக்கைக் காட்டி அந்தப் பெற்றோரைச் சமாதானப்படுத்த நான் விரும்புவதில்லை. உயர்தர வகுப்பில் நான் கற்பிக்கும் அன்செல்மின் கதையையே அவர்களுக்குச் சொல்வேன். 11ஆம் நூற்றாண்டில், பின்னாளில் கேன்டர்பரிப் பேராயரான இந்தத் துறவி, இதனிலும் பெரிதொன்றை எண்ணவே முடியாது என்னும்படியான ஒன்றே கடவுள் என்றும், அது மனத்தில் மட்டும் இருக்குமாயின் மெய்யாகவும் இருப்பது அதனிலும் பெரிதாகிவிடும் என்றும், ஆகவே அது மெய்யாகவே இருந்தாக வேண்டும் என்றும் வாதிட்டார். அவ்வாதத்தை மறுத்தவர் நாத்திகர் அல்லர். கோனிலோ என்ற இன்னொரு துறவி. குறையே இல்லாத தீவொன்றை மனத்தில் எண்ணிவிட்டதாலேயே கடலில் அப்படியொரு தீவு இருந்துவிடுமா என்று அவர் கேட்டார். அன்செல்ம் அந்த மறுப்பை மறைக்கவில்லை. தம் நூலைப் பிரதியெடுப்போர் கோனிலோவின் மறுப்பையும் தமது பதிலையும் அதனோடு சேர்த்தே எழுத வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஒரு கிறிஸ்தவப் பாடசாலை மெய்யியலை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

வழிபாட்டு நேரம் வேறு. அங்கே நான் ஆசிரியையாக அன்றி விசுவாசியாகவே நிற்கிறேன். ஆங்கிலத்தில் செபித்தாலும் என் மனத்தில் ஓடுவது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்ற வரிதான். கேட்கும் கடவுள் நம் கூட்டத்தில் ஒருவர் அல்லர் என்பதால், 'நம்' என்னாது 'எங்கள்' என்று பெயர்த்தவர்களின் இலக்கணக் கவனத்தை அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகுதான் கண்டுகொண்டேன். அவள் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். வழிபாட்டில் வாய் திறக்காமல், ஆனால் மரியாதையோடு நிற்பாள். அதைக் கவனித்ததாக நான் காட்டிக்கொள்வதில்லை. சென்ற வாரம் கோனிலோவின் தீவைப் பற்றி விவாதித்தபோது, தீவு எத்தனை அழகானதானாலும் இன்னும் ஒரு தென்னையைச் சேர்த்து அதைப் பெரிதாக்கலாம், கடவுளை அப்படி ஆக்க முடியாதே என்று அன்செல்மின் பக்கம் நின்று வாதாடியவள் அவளே.

வணக்கம்.