சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்பும் வீடு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் 1846-இல் உண்டாக்கியது. குடும்பத்துக்கு ஊருக்குள் ஒரு மனை, வெளியே 10 ஏக்கர் நிலம். மாட்டுவண்டி திரும்புகிற அளவுக்கு அகலமாகக் கடைத்தெரு. இந்த ஊரில் குடியிருக்க ஏன் இத்தனை ஆசை என்று கேட்டால், நான் காட்டுவது 'சண்டே ஹவுஸ்' என்கிற குட்டி வீட்டைத்தான்.

குடியேறியவர்களின் பண்ணையோ பல மைல் தள்ளி. சனிக்கிழமை வண்டி கட்டி வந்து சாமான் வாங்க வேண்டும், ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு ராத்திரி. அதற்காகவே ஒரு வீடு! கீழே ஒரே அறை, பின்னால் சாய்ப்பு இறக்கிய அடுக்களை, மேலே பிள்ளைகள் படுக்கப் பரண் மாதிரி ஒரு மாடி. படிக்கட்டு பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டி இருக்கும். உள்ளே வைத்தால் இருக்கிற ஒரு அறையும் படிக்கே போய்விடும், அதனால்தான். மோட்டார் கார் வந்ததும் அன்றே வீடு திரும்ப முடிந்தது. இந்த வீடுகளுக்கு வேலை இல்லாமல் போனது. இன்று பலவற்றில் வார இறுதி விருந்தினர்கள் தங்குகிறார்கள். பழையபடி சனி, ஞாயிறுதான், பாருங்கள்.

பழைய கல் வீட்டை வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு சிமெண்டு. அங்கே சுவர் சுண்ணாம்புக்கல், இணைப்பு சுண்ணாம்புச் சாந்து. கல்லுக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேறும். இடுக்கைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல் வழியாகத்தான் வரவேண்டும்; கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சிமெண்டு அப்படியே நிற்கும், கல் போய்விடும். செய்ய வேண்டியது: இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் சுரண்டி, தூசி தட்டி, கல்லை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல் (உருண்டையாகத் தேயாத, முனையுள்ள மணல்) கலந்து இறுக்கித் திணிப்பது. டெக்சஸ் வெயிலில் சாந்து சட்டென்று காய்ந்தால் மாவாக உதிரும். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, சில நாள் நனைத்தபடி இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், சிமெண்டு வேண்டாம்.

கடிகாரம் துரத்துகிறது. இந்த ஊர்ப் பக்கம் விளையும் பீச் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை: மரத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் வேண்டும், பூத்தபின் உறைபனி விழுந்தால் அந்த வருஷம் பழம் குறைவுதான். நல்ல வருஷமானால் மே மாதம் நடுவிலேயே சாலையோரக் கடைகளில் கூடை இறங்கிவிடும். வணக்கம்.