பேய்க்குக் குரல் கொடுத்த இசை

நேயர்களுக்கு வணக்கம்.

பேய்க்கதையை மேடையேற்ற நினைக்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, பேயைக் காட்டுவதா வேண்டாமா என்பதுதான். கதை முழுவதையும் பாடியே நடிக்கும் மேலை இசைநாடகமான ஓபராவில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அங்கே தோன்றுகிறவர் பாடியும் ஆக வேண்டும். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ’ (திருகாணியின் சுழற்சி) என்ற குறுநாவலில் பேய்கள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அக்கதையை அதே பெயரில் ஓபராவாக்கிய ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அவற்றைப் பாடவைத்தார். இதனால் கதையின் உயிர் போய்விட்டது என்று குறைகூறுவோர் உண்டு. அந்தக் குறையை நான் ஏற்கவில்லை.

எசெக்ஸ் பகுதியில் பிளை என்னும் பழைய மாளிகை. பெற்றோரை இழந்த மைல்ஸ், ஃப்ளோரா என்ற இரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இளம் ஆசிரியை ஒருத்தி அங்கு வருகிறாள். எது நடந்தாலும் தமக்குத் தகவல் அனுப்பக் கூடாது என்பது லண்டனில் வாழும் காப்பாளரின் நிபந்தனை. முன்பு அங்கே வேலைபார்த்து இறந்துபோன பீட்டர் குவின்ட், மிஸ் ஜெஸல் ஆகிய இருவரும் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வீட்டைக் கவனிக்கும் மிஸஸ் குரோஸின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆசிரியை கண்டது பேயா, அவளுடைய மனம் படைத்த உருவமா என்பதில்தான் கதை நிற்கிறது. எல்லாம் அவளது மனப்பிரமையே என்று அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934-இல் வாதிட்டார். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

மிஃபான்வி பைப்பர் பாடல்வரிகளை எழுத, வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில் 1954 செப்டம்பர் 14 அன்று ஓபரா அரங்கேறியது. வாத்தியக் குழுவை நடத்தியவர் பிரிட்டனே. பாடகர்கள் 6 பேர், வாத்தியக்காரர்கள் 13 பேர், அவ்வளவுதான். பெரிய ஓபரா அரங்கின் வாத்தியக் குழுவோடு ஒப்பிட்டால் இது ஒரு சிறு கூட்டம். இப்படிச் சிறிய குழுவுக்கென எழுதப்படுவதைத்தான் சேம்பர் ஓபரா என்கிறார்கள். ஒவ்வொரு வாத்தியமும் தனித்துக் கேட்பதால் ஒரு சிறு மணியொலியும் இங்கே கதைமாந்தர் ஆகிவிட முடியும்.

செலஸ்டா அப்படித்தான் ஆகிறது. பியானோவைப் போல் கட்டைகளை அழுத்தி வாசிக்கப்பட்டாலும், உலோகத் தகடுகளிலிருந்து மெல்லிய மணிநாதம் எழுப்பும் வாத்தியம் அது. கோபுரத்தின் மேல் குவின்ட் முதன்முறை தோன்றும்போது செலஸ்டா ஒலிக்கிறது, ஆனால் அவன் வாய் திறப்பதில்லை. பிறகு சன்னலில் தெரிகிறான்; அப்போதும் பேசுவதில்லை. முதல் அங்கத்தின் கடைசிக் காட்சிவரை பிரிட்டன் ஜேம்ஸின் மௌனத்தை அப்படியே காத்து, அதன்பிறகே குவின்டைப் பாடவிடுகிறார். மைல்ஸ் என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, சொல் கரைந்து சுரமாகும்வரை அவன் நீட்டி நீட்டி அழைக்கும் அந்த இடத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். அச்சத்தைவிட அழகே அதில் மிகுதி. சிறுவன் ஏன் ஈர்க்கப்படுகிறான் என்பதை எந்த வசனமும் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்காது.

அந்த அழைப்பு, ஆசிரியை கலக்கத்தோடு பிளைக்கு வண்டியில் வரும்போது பாடிய மெட்டோடு உறவுடையது. ஓபராவின் முன்னுரையைப் பியானோ மட்டும் துணைநிற்கப் பாடுகிறவரும் குவின்டாகப் பாடுகிறவரும் அரங்கேற்றத்தில் ஒருவரே, பீட்டர் பியர்ஸ். ஆசிரியையின் கதையை நமக்கு அறிமுகப்படுத்திய நம்பிக்கைக்குரிய குரலே பேயின் குரலாகத் திரும்பிவருகிறது என்றால், எந்தக் குரலை நம்புவது? ஜேம்ஸ் வாக்கியங்களுக்கு நடுவே விட்டுவைத்த ஐயத்தைப் பிரிட்டன் நம் செவிக்குள் வைத்துவிட்டார்.

முன்னுரையை அடுத்து வரும் மூல மெட்டில் 12 சுரத்தானங்களும் ஒவ்வொருமுறை வருகின்றன. நான்கு சுர இடைவெளியில் ஏறி, மூன்று சுர இடைவெளியில் இறங்கி, மீண்டும் ஏறும் அந்த நடை, மரத்தில் இறங்கும் திருகாணியைப் போலவே உள்ளே உள்ளே செல்கிறது. காட்சிகளுக்கிடையே அதன் 15 மாறுபாடுகள் வாத்தியங்களில் ஒலிக்கின்றன. திரைமறைவில் பொருள்களை மாற்றும் இடைவேளை இசை என்று இவற்றை எண்ணிவிடக் கூடாது. கதை நகர்வதே இவற்றில்தான்.

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் குவின்டும் ஜெஸலும் தனியே உரையாடுகிறார்கள். ஆசிரியை இல்லாதபோதும் பேசுகிறார்கள் என்றால் பேய்கள் மெய்தானே என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காட்சிக்கு ஓபராவின் பாடல் நூலில் குறித்துள்ள இடம் ‘எங்குமில்லை’ என்பதே. அதன் முடிவில் ஆசிரியை தோன்றி, வழிதெரியாத சுழலில் சிக்கிவிட்டதாகப் பாடுகிறாள். உரையாடல் முழுவதும் அவள் மனத்துக்குள் நடந்ததாகக் கொள்ளவும் இடமிருக்கிறது.

கடைசிக் காட்சியில் மைல்ஸ் குவின்டின் பெயரைச் சொல்லி, ‘பிசாசே’ என்று கதறி இறக்கிறான். யாரைப் பிசாசு என்றான், குவின்டையா, தன்னை அணைத்திருக்கும் ஆசிரியையையா? இசை எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்வதில்லை.

சில தயாரிப்புகளில் பேய்களை மெல்லிய திரைக்குப் பின்னே நிழலாக நிறுத்திவிடுகிறார்கள். ஐயத்தைக் காப்பதாக எண்ணிச் செய்யும் அந்த ஏற்பாடு தேவையற்றது என்பது என் உறுதியான எண்ணம். குவின்ட் முழு வெளிச்சத்தில், சிறுவனுக்கு எட்டும் தூரத்தில் நின்று பாடட்டும். ஐயத்தைப் பிரிட்டனின் 13 வாத்தியங்கள் பார்த்துக்கொள்ளும். அரங்கேற்றத்துக்கு மறுஆண்டு பிரிட்டனே நடத்திப் பதிவுசெய்த இசைத்தட்டு இப்போதும் கிடைக்கிறது. மேடையில் பார்ப்பதற்கு முன் அதைக் கேளுங்கள். முதல் அங்கத்தின் எட்டாம் காட்சியை மட்டுமாவது இரவில் கேளுங்கள்.

வணக்கம்.