அப்பாவின் கடையும் என் சாய்ஸ் லிஸ்ட்டும்: 'நாட்டமே' அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"கல்லூரியில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வழிகாட்ட வேண்டியது வேலைச் சந்தையா, மாணவரின் நாட்டமா?" இதுதான் தலைப்பு. நாட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு விஷயம் சொன்னார். ஆடிப் பட்டம் தேடி விதைப்பது போல, எந்தப் பிரிவுக்கு இப்போது வேலை இருக்கிறதோ அதில் சேர வேண்டும் என்றார். கடன் வாங்கிப் படிக்க வைக்கிற வீட்டுக்கு நாட்டமெல்லாம் கட்டுப்படியாகாது என்றார். இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆடிப் பட்டம்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம். தக்காளிக் கதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருஷம் விலை ஏறும். அடுத்த பட்டத்தில் ஆளாளுக்குத் தக்காளி நடுவார்கள். எல்லார் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் காய் வரும். பறிகூலிக்குக்கூட விலை கட்டாது. பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு வீடு திரும்புவார்கள். தக்காளி சில மாதப் பயிர். அதன் விலையையே முன்கூட்டிச் சொல்ல, அந்தச் சந்தையிலேயே பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிக்கும் முடியவில்லை. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். நேற்று தேங்காய் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து யாராவது தென்னை நடுவார்களா? நான்கு வருஷப் படிப்பு தென்னை மாதிரிதான் நடுவர் அவர்களே.

இன்னொன்றும் உண்டு. ஆடிப் பட்டம் எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதான், மண் ஒன்று இல்லை. கரிசலில் பருத்தி போடுவார்கள், செம்மண்ணில் நிலக்கடலை போடுவார்கள். மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் விதையை எடுப்பார்கள். அந்த மண்ணைத்தான் எங்கள் அணி நாட்டம் என்கிறது.

சந்தையை நம்பிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். 1990களின் கடைசியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய கணினிகள் தேதியைத் தப்பாகப் படிக்கும், திருத்த ஆள் வேண்டும் என்று பலர் கோபோல் மொழி படித்தார்கள். ஆண்டு பிறந்தது, அந்த வேலை முடிந்தது. அடுத்த வருஷமே இணையக் கம்பெனிகள் விழுந்த டாட்காம் சரிவு வந்து, கையில் ஆஃபர் லெட்டர் வைத்திருந்தவர்களும் காத்துக் கிடந்தார்கள்.

சரி, கணினியை விடுங்கள். என் சித்தி கதை. 2000களின் நடுவில் ஊருக்கு ஊர் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைக்கு அதுதான் பத்திரமான படிப்பு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்தால் மூப்பு அடிப்படையில் கூப்பிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். சித்திக்குத் தையலில்தான் கை. தாத்தா நகையை அடகு வைத்து ஆசிரியர் பயிற்சியில் சேர்த்தார். சித்தி பதிந்துவிட்டுக் காத்திருந்தார். 2012இல், பதிவு மட்டும் போதாது என்று ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அந்த முதல் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சித்தி இப்போது பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார், நாலு ஊர்ப் பெண்கள் தேடி வருகிறார்கள். பயிற்சிக்கு வைத்த நகை மட்டும் திரும்பவில்லை.

2022 கவுன்சிலிங்கில் கணினிப் பிரிவை அடித்துப் பிடித்து வாங்கியவர்கள் முதல் செமஸ்டரை முடிக்கும் முன்பே, அந்த நவம்பரில் நிரலையும் தானே எழுதித் தரும் சாட்ஜிபிடி வந்துவிட்டது. கணினி படித்தால் வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதில் நாட்டம் உள்ளவர்களுக்கு என்றைக்கும் இடம் இருக்கும். ஆனால் 17 வயசில் பார்த்த சந்தை 21 வயசில் அதே இடத்தில் நிற்காது. எங்கள் வாதமே அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். அப்பா மோட்டார் வைண்டிங் கடை, அதாவது கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் கடை, வைத்திருக்கிறார். கோடையில் கிணற்று மோட்டார்கள் வரிசையாக வந்து இறங்கும். கருகிய வார்னிஷ் வாசம் பள்ளிக்கூடப் பை வரைக்கும் ஏறும். பழைய காயிலை வெட்டி எடுத்து, ஒரு காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணுவது என் வேலை. எட்டாவது படிக்கும்போது 3 ஹெச்பி மோட்டார் ஒன்றைத் திறந்தோம். உள்ளே வைண்டிங்கில் மூன்றில் இரண்டு பங்கு கரியாக இருந்தது. மிச்சம் ஒரு பங்கு நேற்றுச் சுற்றியது போலப் பளபளவென்று இருந்தது. ஒரே மோட்டார், ஒரே கரண்ட், அது மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்டேன். "ஒரு பேஸ் வரலை பாப்பா. மத்த ரெண்டும் சேர்ந்து லோடை இழுத்துச்சு, அதான் கருகிருச்சு" என்றார். மோட்டாருக்கு மூன்று கம்பியில் கரண்ட் வரும், ஒவ்வொன்றும் ஒரு பேஸ். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அது ஏன் இரண்டு மட்டும் என்ற கேள்விக்குப் பதில் நான்காவது செமஸ்டரில் கிடைத்தது. மூன்று காயிலின் முனையும் ஒரே புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் அறுந்தால் அந்தக் காயிலுக்குக் கரண்ட் போகவே வழியில்லை, மற்ற இரண்டும் ஒரே தொடராக நின்று முழுச் சுமையையும் இழுக்கும் என்று போர்டில் வரைந்து காட்டினார்கள். வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்து, மறுமுனையில் அவர் பேப்பரில் வரைய வரைய, சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வகுப்பில் நான் உட்கார்ந்திருந்ததே பெரும்பாடு. கவுன்சிலிங்குக்குச் சாய்ஸ், அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்தி, பதிய பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கட்-ஆஃப் என்ன என்று கேட்ட அண்ணன், பிரிவு எது என்று கேட்கவே இல்லை. "முதல்ல சிஎஸ்இ, அப்புறம் ஐடி, அப்புறம் ஏஐ எல்லாம் போட்டுருவோம். டிரிபிள்-இ கடைசில கிடக்கட்டும்" என்று மளமளவென்று அடித்துக்கொண்டே போனார். டிரிபிள்-இ என்றால் மின், மின்னணுப் பொறியியல், நான் ஆசைப்பட்ட பிரிவு. பின்னால் வரிசை நிற்கிறது, அவரையும் குறை சொல்ல முடியாது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, டிரிபிள்-இயை மேலே கொண்டாங்க" என்றார். அப்பா கைநாட்டு இல்லை, ஆனால் பத்தாவது தாண்டவில்லை. என் கை எதில் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கடன். நியாயமான பயம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். நான் தவறினால் என் தம்பிக்கு அது இல்லை. அந்தக் கனத்தைத் தினமும் சுமக்கிறேன். அதனால்தான் கணக்குப் போட்டுப் பேசுகிறேன். கல்விக்கடனைப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் கட்டத் தொடங்க வேண்டும். வங்கி உங்கள் பிரிவைப் பார்த்துத் தவணையைக் குறைக்காது. அந்த நாளில் கையில் டிகிரி வேண்டும். டிகிரியைக் கெடுப்பது எது? அரியர், தேறாமல் நிற்கும் பாடம்.

என் பெரியம்மா மகன் கொத்தனார் மாமாவோடு லீவு நாளில் சாரம் ஏறியவன். ஒரு சுவருக்கு எத்தனை செங்கல் ஆகும் என்று பார்த்தவுடன் சொல்வான். சிவில் கேட்டவனைக் கணினியில் சேர்த்தார்கள். ஏழு அரியர். பிளேஸ்மென்ட் நடந்த நாளில் ஹால் வாசலில் நின்று நண்பர்களின் பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மந்தமானவன் இல்லை நடுவர் அவர்களே. நள்ளிரவு வரை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மனசு ஒட்டாத பாடத்தில் அந்த உழைப்பெல்லாம் ஓட்டைக் குடத்துத் தண்ணீராகப் போனது. சந்தையைப் பார்த்து வாங்கிய கடன், சந்தைக்குள் நுழையவே விடவில்லை.

இதில் எதிரணி கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரும்போது பெரும்பாலும் மெக்கானிக்கல், சிவில், டிரிபிள்-இ மாணவர்களையும் உட்கார வைக்கின்றன. வழக்கமாகக் கேட்பது 60 சதவீதமும் நிலுவை அரியர் இல்லாமையும். ஆனால் காற்றாலைக்கோ மின்வாரிய உதவிப் பொறியாளர் பணிக்கோ கேட் (GATE) தேர்வு மதிப்பெண் கேட்கும் என்டிபிசி, பவர்கிரிட் போன்ற மத்திய அரசு மின் நிறுவன வேலைக்கோ மின்பொறியாளராகப் போக, மின்பொறியியல் படித்திருக்க வேண்டும். பிடித்ததைப் படித்தவருக்கு இரண்டு கதவும் திறக்கும் என்றால், சந்தைக் கணக்குப்படியே எது லாபம்?

விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் மெக்கானிக்கலில் டிப்ளமோ முடித்தார், மெக்கானிக்கலிலேயே பி.இ. படித்தார், சென்னை ஐஐடியில் ஆய்வுப் பட்டம் வரை போனார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது திட்ட இயக்குநர் அவர். 'மெக்கானிக்கலுக்கு ஏது வேலை' என்று கேட்கிறவர்கள் அந்த நாளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு எதில் நாட்டம் என்றே தெரியவில்லையே என்று இங்கே சில தம்பிகள் நினைக்கலாம். விடுமுறையில் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு கட்டட வேலை, ஒரு லேப், எங்காவது போய் நில்லுங்கள். சீனியர்களிடம் அவர்களுடைய மூன்றாம் செமஸ்டர் புத்தகத்தை வாங்கிப் பத்துப் பக்கம் புரட்டுங்கள். சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கிற அதே நேரத்தில் இதையும் செய்யலாம்.

மணி அடித்துவிட்டார்கள். போன மாதம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனி நேர்காணலுக்குப் போனேன். ஒரு வரைபடத்தை நீட்டி, ஒரு பேஸ் போனால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். நான் எட்டாவதில் பார்த்த அந்த மோட்டாரிலிருந்து தொடங்கினேன், அவர்கள் நிறுத்தச் சொல்லவில்லை. ஜூலையில் வேலையில் சேர்கிறேன். அப்பா இன்று கடையைச் சாத்திவிட்டு வந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். டிரிபிள்-இயை மேலே கொண்டுவரச் சொன்ன அவருடைய தீர்ப்பையே நடுவர் அவர்களும் தர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.