குளம்புக்குள் ஒரு நகச்சுற்று

நேயர்களுக்கு வணக்கம்.

நகச்சுற்று வந்து ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். விரல் விண் விண்ணென்று தெறிக்கும். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து மாட்டிக்கொண்டு, எப்போது விடியும் என்று உட்கார்ந்திருப்போம். விரலாவது வீங்கும், தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். குதிரையின் குளம்பு இடம் கொடுக்காது. கெட்டியான கூடு அது. உள்ளே சீழ் கோத்தால், எலும்பைச் சுற்றியிருக்கும் உயிருள்ள சதையைத்தான் அழுத்தும். அந்தக் காலை ஊன்றி முன்னூறு, நானூறு கிலோ உடம்பைத் தாங்க வேண்டும்.

பந்தயக் குதிரைகளுக்கு மருத்துவரும் லாடம் அடிப்பவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். நான் பேச வந்தது மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளையும், கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரைகளையும் வைத்துப் பிழைப்பவர்களுக்காக.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எனக்கு விடியற்காலையில் போன் வரும். அப்படி ஒரு நாள், சவாரிக் குதிரை வைத்திருக்கும் ஒருவர் அழாத குறையாகப் பேசினார். "டாக்டரம்மா, கால் முறிஞ்சிடுச்சும்மா. நேத்து சாயங்காலம் நல்லாத்தான் ஓடிச்சு. இப்ப காலைக் கீழ வைக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். குதிரை வலது முன்னங்காலின் நுனியை மட்டும் தரையில் தொட்டபடி நின்றது. கழுத்தெல்லாம் வியர்வை.

இரண்டு முன்னங்குளம்புகளிலும் ஒரே நேரத்தில் உள்ளங்கையை வைத்தேன். வலது குளம்பு கொதித்தது. கணுக்காலின் பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். நலமாக இருக்கும் குதிரையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் காலில் அது விரலைத் தூக்கித் தூக்கி அடித்தது. எலும்பு முறிவாகவும் இருக்கலாம் என்பதால் காலை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். பிறகு குளம்பு இடுக்கியால் ஓரம் ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தேன். வெளிப்பக்க ஓரத்தில் ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுத்தது. சீழ் இருந்த இடம் தெரிந்துவிட்டது.

குளம்பைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சுவரும் உள்ளங்காலும் சேரும் இடத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு வளையம் ஓடும். வெள்ளைக் கோடு என்பார்கள். குளம்பில் மிருதுவான இணைப்பு அதுதான். வெயிலில் காய்ந்து இறுகிய குளம்பு திடீரென்று நாள்கணக்கில் சேற்றிலும் சாணத்திலும் ஊறினால், அந்தக் கோடு இளகி, இடுக்கு வழியாக மண்ணும் கிருமியும் உள்ளே ஏறும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது கூடுதலாக வருவதற்குக் காரணம் இதுதான். லாடத்து ஆணி உயிர்ச்சதையைக் குத்தினாலும் வரும். குத்தாமல் அதை ஒட்டி இறங்கினாலும் நாலைந்து நாள் கழித்து வரும்.

அந்தக் குதிரைக்கு லாடம் அடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. லாடத்தை ஒரே இழுப்பில் பிடுங்காமல் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தோம். நாலு ஆணி உலர்ந்து வந்தன. ஐந்தாவது ஈரமாக, கறுத்து, அழுகிய நாற்றத்தோடு வந்தது. அந்தத் துளையின் வழியே மெல்லிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். சாம்பல் கலந்த கறுப்பு நீர் பீறிட்டது. சற்று நேரத்தில் அந்தக் காலை மெதுவாக முழுசாகத் தரையில் வைத்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

துளை பென்சில் நுழையும் அளவு இருந்தால் போதும். ஆத்திரத்தில் உள்ளங்காலை அகலமாக வெட்டினால் உள்சதை பிதுங்கி வெளியே வந்துவிடும். பிறகு அது ஆற வாரக்கணக்காகும். ரத்தம் வந்தால் கத்தியை நிறுத்திவிட வேண்டும். சீழ் கிடைக்காவிட்டால் தோண்டிக்கொண்டே போகக்கூடாது. ஓரிரு நாள் ஈரக்கட்டுப் போட்டுக் குளம்பை இளக வைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். கத்தியைப் பிடிக்கிற கை மருத்துவருடையதாகவோ, அனுபவமுள்ள லாடக்காரருடையதாகவோ இருக்கட்டும்.

அதற்குப் பிறகு உள்ள வேலை உங்களுடையது. கை பொறுக்கும் சூட்டில் வாளித் தண்ணீர், அதில் பேதி உப்பு. நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, கால்மணி நேரம் குளம்பை முக்கி வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், குளம்பு நொந்துவிடும். துடைத்து, துளையில் அயோடின் நனைத்த பஞ்சை வைத்து, குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரால் குளம்பைப் பொதிந்து, தண்ணீர் புகாத துணி டேப்பால் அடிப்பக்கம் நாலைந்து சுற்று ஒட்டிவிடுங்கள். டேப் குளம்போடு நிற்கட்டும், மேலே தோலை இறுக்கக் கூடாது. தினமும் மாற்றுங்கள். நிற்கும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். செங்கல் அடுக்கி மேடு கட்டியாவது அதைச் செய்யுங்கள்.

ஊசி போடச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. சீழ் வெளியேறிவிட்டால் சாதாரணக் கட்டிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. சீழ் உள்ளேயே இருக்க ஊசி மட்டும் போட்டால், வலி இன்று குறைந்து அடுத்த வாரம் திரும்பும். பன்னிரண்டு நாள் வெறும் ஊசியிலேயே ஓட்டிவிட்டு ஒரு பெண் குதிரையை என்னிடம் கொண்டுவந்தார்கள். சீழ் எலும்பைத் தின்றிருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போதும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. ஃபினாயில் ஊற்றுவதும் காலில் சூடு வைப்பதும் உயிருள்ள பிராணிக்குச் செய்கிற கொடுமை, அதில் வைத்தியம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு ஊசியை மட்டும் கேட்டு வாங்குங்கள். அது டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்கானது. அந்தக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. வீட்டு விலங்குகளில் குதிரையைத்தான் அது சுலபமாகக் கொல்லும். தடுப்பூசி போட்டிருக்கிறதா, எப்போது போட்டது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உள்ளங்காலின் நடுவில், முக்கோண மெத்தைபோல் இருக்கும் பகுதியில், தரையில் கிடந்த ஆணி ஏறியிருந்தால் நிலைமை வேறு. உள்ளே தசைநாரும் மூட்டும் இருக்கின்றன. பதற்றத்தில் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் துளை மூடிக்கொள்ளும், ஆணி எவ்வளவு தூரம் போனதென்று யாருக்கும் தெரியாது. காலை ஊன்றினால் இன்னும் ஏறாதபடி, ஆணியின் இருபக்கமும் மரத்துண்டு வைத்துக் கட்டி மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை வேப்பேரியில் இருக்கிறது. ஆணியோடு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வழி தெரியும்.

அந்த மெரினாக் குதிரைக்காரர் மூன்றாம் நாளே கேட்டார்: "எப்பம்மா மணலுக்குக் கூட்டிட்டுப் போலாம்? லீவு சீசன்மா." அவர் வீட்டு அடுப்பு அந்தக் குதிரையை நம்பித்தான் எரிகிறது. துளை உலர்ந்து கெட்டியாகும் வரை பொறுங்கள் என்றேன். அவர் பொறுத்தார். மழைக்குக் கூரையில் தார்ப்பாய் போட்டு, தினமும் கட்டு மாற்றினார். பதினான்காம் நாள் லாடம் அடித்தோம். பழைய ஆணித்துளையை விட்டுவிட்டு, ஏழே ஆணியில்.

வணக்கம்.