டுமகெட்டே: பருந்து பாய்ஞ்ச பேரு

[திரை: வெறும் வானம். ஒரு பருந்து வட்டமடிக்குது.]

கோழி வளர்த்த வீட்டுக்காரங்களுக்கு இது தெரியும். தாய்க்கோழி திடீர்னு ஒரு மாதிரி கத்தும். குஞ்சுங்க ஓடிப்போய் றெக்கைக்குள்ள பதுங்கும். நாம வாசலுக்கு ஓடி வர்றதுக்குள்ள பருந்து ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிருக்கும். இப்படிப் பாய்ஞ்சு தூக்குறதுக்கு செபுவானோ மொழியில ஒரு சொல் இருக்கு: டகிட்.

இந்தச் சொல்லுதான் பிலிப்பைன்ஸ்ல ஒரு கடலோர ஊருக்குப் பேரா நின்னுடுச்சுன்னு சொல்றாங்க. அந்த ஊரு டுமகெட்டே.

[திரை: வரைபடம். நெக்ரோஸ் தீவு, தென்கிழக்கு ஓரம்.]

பூட்ஸ் மாதிரி இருக்கே, இதுதான் நெக்ரோஸ் தீவு. பழைய பேரு புக்லாஸ். இங்க இருந்த கறுப்பு நிற ஆத்தி மக்களைப் பார்த்துட்டு, நாட்டை ஆள வந்த ஸ்பானியர்கள் 'நெக்ரோஸ்'னு கூப்பிட்டாங்க. அந்தப் பேரே நிலைச்சிடுச்சு.

சரி, டகிட் எப்படி டுமகெட்டே ஆச்சு? நாம தமிழ்ல 'தூக்கு'ன்னா, 'தூக்கினான்', 'தூக்குவான்'னு வாலை நீட்டுவோம். பிலிப்பைன்ஸ் மொழிகள்ல சொல்லோட வயித்துக்குள்ளயே ஒட்டைச் செருகுவாங்க. டகிட்டுக்குள்ள 'உம்' போனா டுமகிட். அது ஸ்பானியர் வாயில புகுந்து டுமகெட்டேன்னு வெளிய வந்துச்சு.

யாரு யாரைத் தூக்கினாங்க?

[திரை: கடல். துடுப்புப் படகுகளோட நிழலுருவம்.]

1599ல தெற்கே மிண்டனாவோ தீவுல இருக்கிற மகிந்தனாவோலேருந்து 50 படகுகள்ல சுமார் 3000 பேர் வந்து செபு, நெக்ரோஸ், பனாய் கரைகளைச் சூறையாடினாங்க. பொன்னு பொருளோட ஆளுங்களையும் பிடிச்சுட்டுப் போனாங்க. இது இரண்டரை நூற்றாண்டு ஓயலை. தென்மேற்குப் பருவக்காத்து எழும்பினா கரையோர ஊர்கள்ல தூக்கம் போயிடும்.

'கொள்ளைக்காரங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுற கதை இல்ல இது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில சீனத் தேயிலை வாங்க ஐரோப்பிய வணிகர்கள் அலைஞ்சாங்க. சீனாவுல விலைபோற சரக்கு அவங்களுக்கு வேணும். கடல் அட்டை, முத்துச்சிப்பி, பறவைக்கூடு. எல்லாமே தெற்கே சூலு தீவுகளை ஆண்ட சூலு சுல்தானகத்தோட கடல்ல கிடைக்கும், ஆனா மூழ்கி எடுக்க ஆள் வேணுமே? அந்த ஆள், செபு, நெக்ரோஸ், பனாய் எல்லாம் அடங்கின விசயாஸ் தீவுகளோட கரையோரக் கிராமங்கள்ல இருந்தான். லண்டன்ல ஒருத்தர் குடிச்ச தேநீருக்கும் இங்க ஒரு மீனவன் காணாமப் போனதுக்கும் இவ்வளவு கிட்டத்துல தொடர்பு இருக்கு.

1848ல ஸ்பெயின் இங்கிலாந்திலேருந்து மூணு நீராவிப் பீரங்கிப் படகுகளை வாங்கின பிறகுதான் இது தணிய ஆரம்பிச்சது. காத்தை எதிர்த்து ஓடுற கப்பலை துடுப்புப் படகு எப்படி ஜெயிக்கும்?

[திரை: காம்பனாரியோ. பாசி படிஞ்ச கல், மேலே மணி.]

மாதா கோயிலை ஒட்டி நிக்கிற இந்த மணிக்கூண்டு காவல் கோபுரமாவும் இருந்துச்சு. மேல நின்னு ஒருத்தர் கடலையே பார்த்துட்டு இருப்பார். அந்நியப் படகு தெரிஞ்சா மணி அடிக்கும். பக்கத்துல போய்க் கல்லைத் தொட்டுப் பாருங்க, ஒவ்வொரு இடுக்குலயும் செடி முளைச்சிருக்கும். அடியில மெழுகுவர்த்தி எரிஞ்சுட்டு இருக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை. இணையத்துல தேடினா, "1572லயே போவெதானோங்கிற ஸ்பானியர் இந்த ஊரை டனங்கெட்னு குறிச்சார்"னு வரும். அதை நம்பிடாதீங்க. போவெதானோ பேர்ல வந்த ஆவணங்கள் எல்லாம் இதே நெக்ரோஸ்காரர் ஹோசே மார்கோ 'கண்டுபிடிச்சு'க் கொடுத்தவை. கலந்தியாவ் சட்டம்னு ஒரு போலிச் சட்டத்தொகுப்பையும் நாட்டுக்குக் கொடுத்து, பாடப்புத்தகம் வரைக்கும் ஏத்தின மனுஷர் அவர்தான். 1968ல வரலாற்று ஆய்வாளர் வில்லியம் ஹென்றி ஸ்காட் இதையெல்லாம் உடைச்சுக் காட்டினார். அப்புறமும் அந்த 1572 ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்குப் பிரதியாகிட்டே இருக்கு.

[திரை: ரிசால் புலவார்டு, சாயங்காலம்.]

ஊர் 1948ல நகரமாச்சு. 1901ல 15 பையன்களோட ஆரம்பிச்ச சில்லிமன் பள்ளி இன்னைக்குப் பல்கலைக்கழகம். இந்தக் கடற்கரைச் சாலைக்கு பிலிப்பைன்ஸோட தேசிய வீரர் ஹோசே ரிசாலோட பேரு. 1896 ஆகஸ்ட் 1ஆம் தேதி, தபிதானிலேருந்து மணிலா போற வழியில அவரோட கப்பல் இங்க நின்னுச்சு. கண் மருத்துவராச்சே, இறங்கின இடத்துல ஒரு ஸ்பானியக் கேப்டனுக்குக் கண் அறுவை சிகிச்சை பண்ணிட்டுக் கிளம்பினார். அதே வருஷம் டிசம்பர் 30ல ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக் கொன்னுச்சு.

இப்போ சுற்றுலாக்காரங்க, "டகிட்னா என்ன தெரியுமா? வந்தவங்க மனசை இந்த ஊரு தூக்கிடும்"னு பேருக்குப் புது அர்த்தம் சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு என்னமோ அந்தப் பழைய பயத்தோட அர்த்தம்தான் பிடிச்சிருக்கு.

இருட்டினதும் புலவார்டுல டெம்புரா வண்டிங்க வரிசையா நிக்கும். சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து, குச்சியில செருகின மீன்மாவுப் பலகாரத்தைச் சுடச்சுட எண்ணெய்லேருந்து எடுத்து, இனிப்பும் காரமுமான சாஸ்ல முக்கித் தின்னுட்டு இருப்பாங்க. முக்கால்வாசிப் பேரு கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பாங்க.