துணி எடுக்கப் போற பத்து நிமிஷம்

வணக்கம். சத்தம் கேக்குதா? பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுது, அது நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கத்தித்தான் பேசணும். என்னடா இருட்டுல உக்காந்து பேசுதுன்னு நினைக்காதீங்க. லைட்டைப் போட்டா இருட்டுக்குப் பழகின கண்ணு போயிடும், திரும்பப் பழக இருபது நிமிஷம் ஆகும். அதான் டார்ச்சுல சிவப்புப் பேப்பரைச் சுத்தி வச்சிருக்கேன். மூஞ்சி பேய் மாதிரிதான் தெரியும். இருந்துட்டுப் போகட்டும்.

இது எங்க மொட்டை மாடி. திண்டுக்கல்லுக்கு வெளியில. அந்தப் பக்கம் மஞ்சளா வெளிச்சம் தெரியுதுல்ல, அது பைபாஸ். இந்தப் பக்கம் கொடிக்கம்பி, அதுல பாப்பா யூனிஃபார்ம், அவர் மில்லு சட்டை. நான் மேல வந்ததே துணி எடுக்கத்தான். அப்படித்தான் வீட்டுல கணக்கு.

நிறைய பேரு கேக்கற கேள்வி ஒண்ணுதான். அஞ்சு வயசுப் பிள்ளை, மாமியார், ஷிப்ட் போற புருஷன், இதுல எம்.எஸ்சி. பிசிக்ஸ் வேற தொலைதூரக் கல்வியில, எப்படிக்கா நட்சத்திரம் பாக்கறீங்கன்னு. ஒழுங்கா பாக்கத் தெரியாமத்தான் ரெண்டு வருஷம் ஓட்டினேன். அதைச் சொல்றேன் முதல்ல.

சீட்டு எடுத்த பணத்துல ஆறு இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கினேன். கருப்பு டியூப், கீழ மரப்பெட்டி மாதிரி ஸ்டாண்டு. ரெண்டும் சேர்ந்து ஒரு பதினஞ்சு கிலோ இருக்கும். படி ஏத்தி, கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வர அரை மணி நேரம் விட்டு, சரி பண்ணி உக்காந்தா மணி பத்து. அதோட நின்னிருந்தா பரவாயில்ல. ஃபோனை மாட்டறதுக்கு ஒரு கிளிப் வாங்கினேன். அடுத்து படம். நூறு படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரு படமாக்கற வேலை இருக்கே, அது ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆளை விடாது. ஊருல எல்லாரும் படம் போடறாங்க, நாமளும் போடணும்னு ஒரு வெறி.

அப்பத்தான் ஒரு நாள் சனியோட வளையத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். கீழ மோட்டார் போட்டது சுத்தமா மறந்துபோச்சு. டேங்க் நிரம்பி, வழிஞ்சு, அத்தை ரெண்டு நாளா காய வச்ச வெங்காய வடகம் தாம்பாளத்தோட மிதக்குது. பழைய வேட்டியில வரிசையா, ஒரே அளவுல பிச்சு வச்ச வடகம். காலையில அவங்க வந்து பாத்தாங்க. திட்டவே இல்ல. அந்தக் கூழை வழிச்சு எடுத்து, "ஆட்டுக்குப் போட்டுர்றேன்"னு சொல்லிட்டுக் கீழ இறங்கிட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

போன டிசம்பர் பரீட்சையில ரெண்டு பேப்பர் அரியர். கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ். வானத்தால போச்சுன்னு சொல்ல மாட்டேன். படம் அடுக்கினதால போச்சு.

வில்லியம் ஹெர்ஷல்னு ஒருத்தர், யுரேனஸைக் கண்டுபிடிச்சவர். அவர் டெலஸ்கோப் கண்ணாடியைத் தேய்க்க உக்காந்தா கையை எடுக்கக் கூடாதாம், ஒரு தடவை பதினாறு மணி நேரம் தேய்ச்சிருக்கார். பக்கத்துல நின்னு சோத்தை வாயில ஊட்டினது தங்கச்சி கரோலின். அந்தம்மா பின்னாடி தானே எட்டு வால்மீன் கண்டுபிடிச்சாங்க, அது வேற கதை. எனக்கு அதைப் படிக்கிறப்ப தோணினது ஒண்ணுதான்: இங்க எனக்கு ஊட்டிவிட யாரு இருக்கா? நான்தான் மூணு பேருக்கு ஊட்டணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்கு இந்தப் பழக்கம் வந்ததே டெலஸ்கோப்பால இல்ல. அதை நடுவுல நான் மறந்துட்டேன்.

2019 டிசம்பர் 26. கங்கண சூரிய கிரகணம். கோயமுத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சின்னு நம்ம ஊரு வழியா போச்சு, ஞாபகம் இருக்கும். ஊரே மாடியில நிக்குது. நான் நாலு மாசம். அத்தை என்னை உள்ரூம்ல வச்சு ஜன்னலுக்குப் போர்வை கட்டிட்டாங்க. நகம் வெட்டாத, கத்தி எடுக்காத, தண்ணி குடிக்காத. பிசிக்ஸ் படிச்ச பொண்ணு நான், அழுகையா வருது. சண்டை போடவும் தெம்பில்ல.

அது அப்ப ஓட்டு வீடு. ஒரு ஓடு மூலையில விண்டிருந்துச்சு. எப்பவும் அந்த ஓட்டை வழியா வெயில் ஒரு வட்டமா தரையில விழும், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு. அன்னைக்கு அந்த வட்டம் கடிச்ச பிஸ்கட் மாதிரி ஆச்சு, அப்புறம் பிறை ஆச்சு. ஒன்பதரை மணி வாக்குல பிறையோட ரெண்டு முனையும் நீண்டு, வளைஞ்சு, சேந்துடுச்சு. சிமெண்டுத் தரையில ஒரு மோதிரம். நடுவுல இருட்டு, சுத்தி வெளிச்சம். கையை நீட்டினேன், உள்ளங்கையில விழுந்துச்சு. வெளியில கண்ணாடி போட்டு நின்னவங்க பாத்த அதே வளையத்தை நான் கையில வச்சிருந்தேன். ஓட்டை சின்னதா இருந்தா வெளிச்சம் ஓட்டையோட வடிவத்துல விழாது, சூரியனோட வடிவத்துலதான் விழும். புத்தகத்துல படிச்சு மார்க் வாங்கினதுதான். தரையில பாத்தது அன்னைக்குத்தான்.

அதே மாசம் இன்னொண்ணு. மாசமா இருக்கறவ ராத்திரி சாப்பிட்டு உடனே படுக்கக் கூடாது, வாசல்ல நடக்கணும்னு அத்தை உத்தரவு. பத்து நிமிஷம் நடப்பேன். கிழக்க திருவாதிரை தெரியும், ஓரியன்ங்கற நட்சத்திரக் கூட்டத்தோட தோள்ல செக்கச்செவேல்னு. அது மங்கிட்டு வருதுன்னு செய்தி. முதல்ல நம்பலை. வழக்கமா ரோகிணியை விட பளிச்சுன்னு இருக்கும். அந்த டிசம்பர்லயே ரோகிணிக்குக் கீழ போயிடுச்சு. பிப்ரவரி நடுவுல, இன்னொரு தோள்ல இருக்கே பெல்லாட்ரிக்ஸ், அதுக்குச் சமமா நின்னுச்சு. வெளிச்ச எண் கிட்டத்தட்ட 1.6. எண் பெருசானா வெளிச்சம் கம்மின்னு அர்த்தம், தலைகீழ் கணக்கு. காலண்டர் தாள் பின்னாடி தினமும் எழுதினேன்: இன்னைக்கு ரோகிணியை விடக் கம்மி, இன்னைக்கு ரொம்பக் கம்மி. வெடிக்கப் போகுதுன்னாங்க. வெடிக்கலை. அது வெளிய தள்ளின வாயு குளிர்ந்து தூசியாகி ஒரு பக்கத்தை மறைச்சிருக்குன்னு அப்புறம் கண்டுபிடிச்சாங்க. ஏப்ரல்ல பழையபடி ஆச்சு. மே மாசம் லாக்டவுனுக்கு நடுவுல பாப்பா பொறந்தா.

அரியர் வந்தப்புறம்தான் அந்தக் காலண்டர் தாள் கையில கிடைச்சுது. டெலஸ்கோப் இல்ல, ஃபோன் இல்ல, தினம் பத்து நிமிஷம். அதுதான் நான் செஞ்சதுலயே உருப்படியான வேலை!

இப்ப அதைத்தான் பண்றேன். மாறொளி விண்மீன். வெளிச்சம் கூடிக் குறையற நட்சத்திரங்க. பக்கத்துல எண் தெரிஞ்ச ரெண்டு நட்சத்திரத்தை எடுத்துக்கணும், ஒண்ணு பளிச்சுன்னு, ஒண்ணு மங்கலா. நம்ம ஆளு அது ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்குதுன்னு கண்ணாலயே மதிப்புப் போடணும். புளிக்குழம்புல உப்பு பாக்கற மாதிரிதான். முதல் மாசம் தப்பா வரும். அப்புறம் நாக்குக்குப் பழகிடும், அதாவது கண்ணுக்கு. இந்த மதிப்பை அனுப்பி வைக்கலாம். ஏஏவிஎஸ்ஓன்னு அமெரிக்காவுல 1911ல ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு, உலகம் முழுக்க நம்மள மாதிரி ஆளுங்க அனுப்பறதைச் சேத்து வைக்கறாங்க.

இது நமக்குப் புதுசும் இல்ல. 1867ல சென்னை வானாய்வு நிலையத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்து ஆளு, தெக்கே அடிவானத்தை ஒட்டி ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடிச்சார். ஆர் ரெட்டிகுலி. அத்தைகிட்ட இதைச் சொன்னேன். "பஞ்சாங்கக்காரரா?"ன்னு கேட்டுட்டு அதுக்கப்புறம் என்னை மாடியில தேடறது குறைஞ்சுது.

இப்ப மேல பாருங்க, உச்சிக்குக் கொஞ்சம் மேக்க. கேமராவுல தெரியாது, நான் கையைக் காட்டறேன். பளிச்சுன்னு இருக்கறது திருவோணம். அதுக்குத் தெக்க கொஞ்சம் தள்ளி சுமாரா ஒண்ணு இருக்கு, ஈட்டா அக்விலே. அதுதான் என் ஆளு. 3.5க்கும் 4.4க்கும் நடுவுல ஏறி இறங்கும். ஏழு நாளும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலயும் ஆகும் ஒரு சுத்துக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் வாரத்துக்கு ஒரு தடவை ஷிப்ட் மாறும். அவர் நைட் ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப உச்சத்துல இருந்தா, அந்த வாரம் முடியறப்ப திரும்ப உச்சத்துக்கு வந்திருக்கும். எனக்குத் தனியா அலாரமே வேண்டாம்.

ஏன் இப்படி ஏறி இறங்குதுன்னா, இட்லிப் பானை மூடியை நினைச்சுக்கோங்க. உள்ள ஆவி சேர்ந்தா மூடி தூக்கும், கொஞ்சம் ஆவி போனா உக்காரும், திரும்பத் தூக்கும். இந்த நட்சத்திரத்துல ஹீலியம் அடுக்குதான் மூடி. வெப்பத்தை உள்ள பிடிச்சு வைக்கும், நட்சத்திரம் உப்பும், வெப்பம் வெளிய போகும், சுருங்கும். இது என் அஸ்ட்ரோபிசிக்ஸ் பேப்பர்ல ஒரு யூனிட்டுங்க! பத்து மார்க் கேள்வி. ஹென்ரியட்டா லீவிட்னு ஒரு வானியல்கார அம்மா 1912ல சொன்னதும் இதே ஜாதி நட்சத்திரத்தை வச்சுத்தான். எத்தனை நாள் சுத்துன்னு தெரிஞ்சா உண்மையான வெளிச்சம் தெரியும், அது தெரிஞ்சா தூரம் தெரியும். அந்த யூனிட்டை மட்டும் நான் புத்தகத்தைத் திறக்காமலே எழுதுவேன். மெக்கானிக்ஸுக்கு அப்படி ஒரு வழி இன்னும் கிடைக்கலை.

டெலஸ்கோப்பை வித்துட்டியான்னு கேப்பீங்க. விக்கலை. மாசத்துல ரெண்டே ராத்திரி, அமாவாசையை ஒட்டி. அமாவாசையன்னைக்கு முடியாது, படையல் வேலை முடியவே இடுப்பு விட்டுப்போகும். அடுத்த நாள். பௌர்ணமி பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும், அப்ப நோட்டு. ஐப்பசி பொறந்துட்டா மழை, கார்த்திகை வரைக்கும் மேகம், டிசம்பர்ல பரீட்சை. வடகிழக்குப் பருவமழை எனக்காகவே வர்ற டியூஷன் வாத்தியார்.

பாக்காம தவறிப் போற ராத்திரிய நினைச்சு வயித்தெரிச்சல் வராதான்னா, வரும். லெஸ்லி பெல்டியர்னு ஓஹையோவுல ஒரு விவசாயி. டி கொரோனே போரியாலிஸ்னு ஒரு நட்சத்திரம், 1866ல திடீர்னு பளிச்சுன்னு எரிஞ்சுது. திரும்ப எரியும்னு இவர் இருபத்தஞ்சு வருஷமா காவல் காத்தார். 1946 பிப்ரவரியில ஒரு ராத்திரி ரெண்டரைக்கு எந்திரிச்சார், ஜலதோஷம் பிடிக்கற மாதிரி இருக்குன்னு திரும்பப் படுத்துட்டார். அன்னைக்குத்தான் வெடிச்சுது. அடுத்தது எப்ப வேணா வரலாம்னு உலகமே காத்திருக்கு, இன்னைக்கு வரைக்கும் வரலை. மேக்க சாயற பக்கம் தினமும் ஒரு பார்வை போட்டுட்டுத்தான் நான் துணியை எடுப்பேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்னா அதுவும் கிடையாது. பெல்டியருக்கே தவறினது எனக்குத் தவறினா என்ன?

2025 செப்டம்பர் 7ஆம் தேதி முழு சந்திர கிரகணம். ராத்திரி பதினொண்ணுக்கு மேல நிலா செம்பு மாதிரி ஆச்சு. அத்தை ஊறுகாய் ஜாடியில தர்ப்பையைப் போட்டுட்டு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டே படி ஏறி வந்துட்டாங்க. பாப்பாவை எழுப்பித் தூக்கிட்டு வந்தேன். பாத்தா. "பாட்டி, நிலா ஏன் வெத்தலை போட்டிருக்கு?"ன்னா. என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. அத்தைதான் மேகம் மூடற வரைக்கும் நின்னாங்க.

இருங்க, அவளே வர்றா. மெதுவா ஏறு பாப்பா, டார்ச்சை மேல காட்டாத. காட்டாதன்னா... சரி போச்சு, இனி இருபது நிமிஷம்.

இல்ல, தெரியுது. மணி 8:52. ஒப்பிடற ரெண்டு நட்சத்திரம், பீட்டா 3.7, அயோட்டா 4.4. நம்ம ஆளு நடுவுல, பீட்டா பக்கம் கொஞ்சம் ஒட்டி. 3.9ன்னு எழுதறேன். நீ என்ன சொல்ற பாப்பா? சின்னதா? அதைவிடச் சின்னதா? சரி, உன்னோடதையும் எழுதறேன், பக்கத்துல உன் பேரு போட்டு. இந்தா, நீ சாக்ஸை எடு, நான் சட்டையை எடுக்கறேன்.